ஒரு மில்லிமீட்டர் தகடும் ஒன்பது டன் விசையும்

பிரஷர் குக்கர் மூடியின் உட்புறம் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறதல்லவா? என்றாவது அதைப் போட மறந்து குக்கரை அடுப்பில் ஏற்றியதுண்டா? மூடியின் ஓரமெல்லாம் நீராவி சீறும். விசில் வராது. பருப்பும் வேகாது. வளையம் பழசாகி விறைத்துப் போனாலும் இதே கதைதான். "கேஸ்கட் போய்விட்டது" என்று அம்மா சொல்வார். கடைக்குப் போய்ப் புது வளையம் வாங்கி வந்தால் வேலை முடிந்தது.

இதே சொற்களை ஒரு மோட்டார்ப் பட்டறையில் கேட்டால், பக்கத்தில் நிற்கும் வண்டிக்காரரின் முகம் வாடிவிடும். எஞ்சினின் ஹெட் கேஸ்கட் போனால் வண்டி குறைந்தது இரண்டு மூன்று நாள் பட்டறையில் கிடக்கும். காய்கறி ஏற்றிப் பிழைக்கும் பிக்-அப் வண்டி என்றால், அத்தனை நாள் வருமானமும் போயிற்று. வேலை சரியாக நடக்கவில்லையென்றால் ஒரு மாதத்தில் அதே வண்டி அதே இடத்துக்கே திரும்பி வரும்.

இந்தத் தகடு அப்படி என்ன செய்கிறது? அதை மாற்றுவது ஏன் இவ்வளவு நுணுக்கமான வேலை? உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள ஹூக் விதி, பாஸ்கல் விதி, வெப்ப விரிவு எல்லாம் இந்த ஒரு வேலையில் வந்து சேருகின்றன.

தீ, நீர், எண்ணெய்

எஞ்சினின் கீழ்ப்பகுதி ஒரு பெரிய வார்ப்பிரும்புக் கட்டி. அதற்கு பிளாக் என்று பெயர். அதில் குடையப்பட்ட வட்டக் கிணறுகள்தான் சிலிண்டர்கள். அவற்றுக்குள் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. இந்தக் கிணறுகளின் மேல் மூடி போல உட்காருவது சிலிண்டர் ஹெட். காற்று வரும் வால்வு, புகை போகும் வால்வு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஆகியவை இதில் இருக்கின்றன. இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது.

இரண்டு துண்டு என்றால் நடுவே ஓர் இணைப்பு இருந்தே ஆக வேண்டும். அந்த இணைப்பில் மூன்று பேர் அக்கம்பக்கமாகக் குடியிருக்கிறார்கள். சிலிண்டருக்குள் எரியும் வாயு. அதைச் சுற்றியுள்ள துளைகளில் குளிர்விக்கும் நீர். இன்னும் சில துளைகளில் மசகு எண்ணெய். ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் நுழையக் கூடாது. இடைச்சுவராக இருப்பதோ ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்புள்ள ஒரு தகடு. அதுதான் ஹெட் கேஸ்கட்.

குக்கருக்குள் இருக்கும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோகிராம் அதிகம். அதைத் தாங்க ரப்பர் வளையம் போதும். டர்போ பொருத்திய ஒரு டீசல் எஞ்சினில் எரிபொருள் வெடித்து எரியும் கணத்தில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோகிராம் வரை எழும். வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸை எட்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிலிண்டரின் விட்டம் 88 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 61 சதுர சென்டிமீட்டர். அதை 150-ஆல் பெருக்கினால் 9,000 கிலோகிராமுக்கு மேல் வருகிறது. ஒன்பது டன்! வளர்ந்த இரண்டு யானைகளின் எடைக்குச் சமமான விசை ஹெட்டை மேல்நோக்கித் தள்ளுகிறது. அதுவும் ஒரு தடவையா? எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிடத்துக்கு 1000 தடவை!

தாங்குவது தகடா, போல்ட்டா?

இந்த ஒன்பது டன்னைக் கேஸ்கட்தான் தாங்குகிறது என்று நினைத்தால் அது சரியல்ல. கேஸ்கட் எதையும் பிடித்து வைப்பதில்லை. அது வெறுமே நசுங்கிக் கிடக்கிறது. அதை நசுக்கி வைத்திருப்பவை ஹெட்டையும் பிளாக்கையும் சேர்த்துக் கட்டும் நீண்ட எஃகு போல்ட்டுகள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் பத்து இருக்கும்.

இரண்டு மரக்கட்டைகளைச் சேர்த்து வைத்து, ஒரு ரப்பர் பட்டையை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். இப்போது கட்டைகளைக் கையால் பிரிக்கப் பாருங்கள். மெதுவாக இழுத்தால் இடைவெளி விழாது. நீங்கள் இழுக்கும் விசை, பட்டையில் ஏற்கெனவே இருக்கும் இழுவிசையைத் தாண்டினால்தான் கட்டைகள் பிரியும். பட்டையைத் தொளதொளவென்று சுற்றியிருந்தால் சின்ன இழுப்புக்கே வாய் பிளந்துவிடும். ஹெட் போல்ட் இந்த ரப்பர் பட்டையின் வேலையைத்தான் செய்கிறது.

எஃகு போல்ட் நீளுமா என்று கேட்கலாம். நீளும்! சுருள்வில்லைப் போலவே எஃகுத் தண்டும் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்கு வரும். நீளும் அளவுதான் மிகச் சிறியது. 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இழுபடும் நீளம் 120 மில்லிமீட்டர். மரையின் இடைவெளி 1.5 மில்லிமீட்டர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் இறங்கும். போல்ட்டின் தலை ஹெட்டில் நன்றாகப் பதிந்த பிறகு அதைக் கால் சுற்றுத் திருப்பினால், 0.375 மில்லிமீட்டர் இறங்கியாக வேண்டும். இறங்க இடமில்லை, ஆகவே போல்ட் நீளுகிறது. திரிபு 320-இல் ஒரு பங்கு. எஃகின் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 2 லட்சம் நியூட்டன். இரண்டையும் பெருக்கினால் தகைவு சதுர மில்லிமீட்டருக்கு 625 நியூட்டன். மரைப்பகுதியின் பரப்பு 88 சதுர மில்லிமீட்டர். ஆகவே இழுவிசை 55,000 நியூட்டன், அதாவது ஐந்து டன்னுக்கு மேல். உண்மையில் ஹெட்டும் கேஸ்கட்டும் சற்று நசுங்கிக் கொடுப்பதால் இதைவிடக் கொஞ்சம் குறையும். ஆனாலும் ஒரு மனிதன் ஸ்பேனரைப் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பியதில் டன் கணக்கில் விசை பிறந்துவிட்டது, பாருங்கள்!

ஆகவே கேஸ்கட் மாற்றும் வேலை என்பது உண்மையில் போல்ட்டுகளைச் சரியான அளவு நீட்டும் வேலை. பட்டறையில் நடக்கும் மற்றெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

எப்படிப் பழுதாகிறது?

கேஸ்கட் தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானதால்தான் போகிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றிய வண்டி முதல், இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறும். எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. வண்டியோ மெல்லப் போவதால் ரேடியேட்டரில் மோதும் காற்று குறைவு. ரேடியேட்டர் குழாய்களில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அலுமினியம் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். வார்ப்பிரும்பு ஏறத்தாழ 11 பங்குதான். 450 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட், காலைக் குளிர்ச்சியிலிருந்து 70 டிகிரி சூடேறும்போது 0.72 மில்லிமீட்டர் நீளுகிறது. கீழே உள்ள பிளாக் 0.35 மில்லிமீட்டர்தான் நீளுகிறது. மீதியுள்ள வித்தியாசத்துக்கு ஹெட் கேஸ்கட்டின் மேல் உரசி நகர வேண்டும். இது நாள்தோறும் நடப்பது. கேஸ்கட் இதைப் பொறுத்துக்கொள்ளும். சூடு எல்லை மீறினால்தான் ஆபத்து. போல்ட்டுகள் இறுகப் பிடித்திருப்பதால் அலுமினியம் விரிய இடமில்லாமல் தனக்குள்ளேயே நசுங்கி, ஆறிய பிறகு வளைந்து நிற்கும். வளைந்த இடத்தில் அழுத்தம் குறையும். அங்கே ஒவ்வொரு வெடிப்புக்கும் மயிரிழை அளவு வாய் திறந்து மூடும். எரியும் வாயு அதன் வழியே புகுந்து தகட்டின் விளிம்பை அரித்துத் தின்றுவிடும்.

இதில் ஓட்டுநரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. வெப்பநிலையைக் காட்டும் முள், நீரில் மூழ்கியிருக்கும் ஓர் உணர் கருவியால் இயங்குகிறது. நீர் கசிந்து மட்டம் இறங்கிவிட்டால் கருவி வெற்றிடத்தில் நிற்கும். உலோகம் கொதித்துக்கொண்டிருக்க, முள்ளோ கீழே இறங்கலாம்! "அப்பாடா, சூடு தணிந்தது" என்று நினைத்து வண்டியை ஓட்டினால் ஹெட்டுக்கு முடிவுதான். ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் வண்டியை உடனே நிறுத்த வேண்டும்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடக் கூடாது. அந்த மூடியும் குக்கரின் வெயிட் போலத்தான். உள்ளே அழுத்தத்தைக் கூட்டிக் கொதிநிலையை 118 டிகிரி வரை உயர்த்தி வைக்கிறது. மூடியைத் திறந்தால் கொதிநிலை சட்டென்று 100-க்கு இறங்கும். ஒரு கிராம் நீர் ஆவியாக 540 கலோரி வேண்டும். ஒரு லிட்டர் நீர் 18 டிகிரி இறங்கும்போது வெளிவிடும் வெப்பம் 18,000 கலோரி. அதில் 33 கிராம் நீர் ஆவியாகும். அந்த ஆவி அடைக்கும் இடம் 50 லிட்டருக்கு மேல்! முகத்தில் அடிப்பது இதுதான். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் கூடாது. திடீர்ச் சுருக்கத்தால் உலோகம் வெடிக்கலாம்.

கேஸ்கட் எங்கே போயிருக்கிறது என்பதைப் பொறுத்து அடையாளங்கள் மாறும். வாயு நீருக்குள் புகுந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும். ரப்பர்க் குழாய்கள் கல்லாக இறுகும். நீர் எண்ணெயில் கலந்தால் எண்ணெய், பால் விட்ட காப்பி நிறமாகும். நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் சைலன்சரில் வெண்புகை ஓயாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்த புரோமோதைமால் நீலம் பட்டறையிலும் உதவுகிறது. ரேடியேட்டர் வாயில் உள்ள காற்றை இந்தக் கரைசல் வழியே உறிஞ்சுவார்கள். எரிவாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறிவிடும்.

ஓடும்போது வாயு நீருக்குள் போகிறது. நிறுத்திய பின் நீர் சிலிண்டருக்குள் வருகிறது. இது ஏன்? சிலிண்டரில் அழுத்தம் விழுந்துவிட்டது; நீரிலோ மிச்ச அழுத்தம் இருக்கிறது. ஓட்டம் திசை மாறிவிட்டது. நம் கணக்கில் எடுத்த 2.5 லிட்டர் எஞ்சினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேல் மிஞ்சும் இடம் 37 கன சென்டிமீட்டர் அளவுதான். சிறு காப்பி டம்ளரில் பாதிகூட இல்லை. இரவில் அதைவிட அதிகமாக நீர் சேர்ந்துவிட்டால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் நீரில் முட்டி நிற்கும். நீர் காற்றைப் போல அமுங்காது. வளைவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு! "இன்னும் ஒரு லோடு அடித்துவிட்டு வருகிறேன், அண்ணே" என்று சொல்லும் டிரைவரிடம் மெக்கானிக்குகள் கோபப்படுவது இதனால்தான்.

பட்டறையில்

முதல் விதி, எஞ்சின் முழுவதும் ஆற வேண்டும். சூட்டோடு போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் வளைந்துவிடும். பாட்டரி இணைப்பைப் பிரித்து, நீரை வடித்து, காற்றுக் குழாய், புகைக் குழாய், டீசல் குழாய்களைக் கழற்றுவார்கள். டைமிங் பெல்ட்டை எடுப்பதற்கு முன் சக்கரங்களின் குறிகளைப் பொருத்தி வைப்பது முக்கியம். ஒரு பல் மாறினாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளலாம்.

ஹெட் போல்ட்டுகளைத் தளர்த்த ஒரு வரிசை உண்டு: ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக. ஹெட்டைத் தூக்கியதும் நல்ல மெக்கானிக் பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறிய மாட்டார். வெளிச்சத்தில் பிடித்து, ரேகை பார்ப்பவரைப் போல உற்றுப் பார்ப்பார். இரண்டு சிலிண்டருக்கு நடுவே கறுப்புத் தடம் இருக்கிறதா, நீர்த் துளையை நோக்கிப் போகிறதா? வாயு போன வழியை அந்தக் கரி வரைந்து காட்டும்.

பிறகு இரு பரப்புகளையும் சுத்தம் செய்ய வேண்டும். சுழலும் உப்புத்தாள் சக்கரத்தை வைத்துத் தேய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அதிலிருந்து உதிரும் மணல் போன்ற துகள்கள் எண்ணெய்த் துளைகளுக்குள் போய் பேரிங்குகளைத் தின்றுவிடும். கையால் பொறுமையாகச் சுரண்டுவதே நல்லது. மிகப் பழைய வண்டி என்றால் இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலக் கேஸ்கட்டுகளில் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஆகவே உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. கல்நாரைக் கைவிட்ட பிறகு கிராஃபைட் கலந்த தகடுகள் வந்தன. 1990-களிலிருந்து பல அடுக்கு எஃகுத் தகடுகள் பரவலாகிவிட்டன. மெல்லிய சுருள்வில் எஃகுத் தகடுகள் சிலவற்றைச் சிலிண்டரைச் சுற்றி வரப்பு போலப் புடைக்கச் செய்து, மேலே மெல்லிய ரப்பர்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். பரப்பு விரியும்போதும் சுருங்கும்போதும் இந்த வரப்பு வில் போல எழுந்து கொடுத்து இடைவெளியை அடைக்கும்.

அடுத்தது சமதளச் சோதனை. நேரான எஃகுச் சட்டம் ஒன்றை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்ப்பார்கள். அனுமதிக்கப்படும் வளைவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பலவற்றில் 0.1 மில்லிமீட்டர்கூட இருக்கக் கூடாது. அது ஒரு தலைமுடியின் தடிப்பு. மீறினால் லேத் பட்டறைக்கு அனுப்பிப் பரப்பைச் சீவ வேண்டும். டீசல் ஹெட்டை இஷ்டம்போல் சீவவும் முடியாது. வால்வு பிஸ்டனை நெருங்கிவிடும். சில நிறுவனங்கள் சீவவே கூடாது என்கின்றன. கேஸ்கட்டின் தடிப்பையும் கவனித்து வாங்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் பிளாக்கைத் தாண்டி எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து, அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓரத்தில் உள்ள வெட்டுக்களின் அல்லது துளைகளின் எண்ணிக்கை தடிப்பைச் சொல்லும்.

இனி வருவது பலர் அலட்சியம் செய்யும் இடம். பிளாக்கில் போல்ட் இறங்கும் குழிகள் பல, அடி மூடியவை. அவற்றில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் என்ன ஆகும்? போல்ட் பிஸ்டன் போல இறங்கும், திரவம் அமுங்காது, பாஸ்கல் விதிப்படி அழுத்தம் எல்லாப் பக்கமும் பாயும். இரும்பு பிளாக்கே பிளந்துபோகலாம். பிளக்காவிட்டாலும் போல்ட் இறுகியது போலத் தோன்றும், உண்மையில் நீண்டிருக்காது. ஒரு துணித் துண்டும் காற்றுக் குழாயும் போதும் இதைத் தவிர்க்க.

கேஸ்கட்டை மேல்பக்கம் பார்த்து வைத்து, ஹெட்டை இறக்கி, புதுப் போல்ட்டுகளைப் போடுவார்கள். எஃகு அடுக்குக் கேஸ்கட்டுக்குப் பசை எதுவும் தடவக் கூடாது. முறுக்கும் வரிசை இப்போது நேர்மாறு: நடுவிலிருந்து ஓரத்துக்கு. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை ஒட்டும்போது நடுவிலிருந்து வெளியே நீவுகிறீர்கள் அல்லவா? இல்லையென்றால் நடுவே புடைப்பு நின்றுவிடும். இங்கும் அப்படியே.

எவ்வளவு முறுக்குவது? முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்ச் என்ற கருவி உண்டு. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதியைப் போல்ட்டின் தலைக்கு அடியில் உள்ள உராய்வும், 40 சதவீதத்தை மரையின் உராய்வும் விழுங்கிவிடுகின்றன. போல்ட்டை நீட்டப் பயன்படுவது பத்தில் ஒரு பங்குதான். மரையில் துரு இருந்தால் அதுவும் குறையும். எண்ணெய் அதிகமானால் கூடிவிடும். கருவியில் எண் ஒன்றே. நீட்சி வேறு வேறு! இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. முதலில் எல்லாப் போல்ட்டுகளையும் குறைந்த அளவுக்கு, 60 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், முறுக்குவார்கள். பிறகு கருவியின் எண்ணைப் பார்க்காமல் கோணத்தை அளந்து 90 டிகிரி, மீண்டும் 90 டிகிரி என்று திருப்புவார்கள். சரியான அளவுகள் அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். கோணம் தெரிந்தால் நீட்சி தெரியும். உராய்வு அதை மாற்ற முடியாது.

முன்பு கால் சுற்றுக்கு ஐந்து டன் கண்டோம். இரண்டு கால் சுற்றுக்குப் பத்து டன் வருமா? வராது. ஏழெட்டு டன்னில் இந்த எஃகு மீட்சி எல்லையைத் தாண்டிவிடும். அதன் பிறகு கூடுதலாக நீளுமே தவிர, விசை அதிகம் ஏறாது. வரைபடத்தில் கோடு படுத்துவிடும். வேண்டுமென்றேதான் அதுவரை போகிறார்கள். கோணத்தில் இரண்டு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் பத்துப் போல்ட்டுகளிலும் விசை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் அல்லவா? எல்லை தாண்டிய போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. அதனால்தான் இவ்வகைப் போல்ட்டுகளை மறுபடி போடக் கூடாது. "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது" என்று காசை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீண்டு ஓய்ந்த போல்ட் கண்ணுக்குப் புதிதாகத்தான் தெரியும்.

மற்றவற்றை மாட்டி முடித்ததும், சூடேறியதற்கான மூல காரணத்தைத் தேட வேண்டும். தெர்மோஸ்டாட் திறக்கிறதா? நீர்ப் பம்பு சுற்றுகிறதா? ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா? எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, துரு தடுக்கும் குளிர்விப்பான் கலந்த நீரை ஊற்றி, குழாய்களில் மாட்டிய காற்றை வெளியேற்றுவார்கள்.

முதல் ஓட்டத்தில் சில நிமிடம் வெண்புகை வந்தால் பயப்பட வேண்டாம். சைலன்சரில் தங்கிய பழைய நீர் அது. எஞ்சின் நன்கு சூடேறி, தெர்மோஸ்டாட் திறந்து, குழாய்கள் இரண்டும் சூடாகும்வரை ஓடவிட்டு நிறுத்துவார்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன், ரேடியேட்டர் மேல் குழாயைக் கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். குழாய் மெத்தென்று இருந்து, நீர் மட்டமும் இறங்காமல் இருந்தால், வண்டி லோடுக்குப் போகலாம்.